எட்டுப் பேரும் வலது பக்கம்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள் நான். அதனால் இதில் எதையும் கூட்டிச் சொல்ல முடியாது. குறைத்துச் சொல்லவும் வழியில்லை. வல்லத்திராக்கோட்டையில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி இருக்கிறாள், விடமாட்டாள்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் தோப்புத் தோப்பாகத் தேங்காய் விலை பேசி வெட்டி லாரிக்கு ஏற்றிவிடுகிறார். நான் கீற்று முடைவேன், சீசனுக்கு முந்திரி உடைக்கப் போவேன். செவ்வாயும் வெள்ளியும் அய்யனாருக்கு விளக்குப் போடாமல் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. நிம்மதியாகத்தான் இருந்தேன், என் நாத்தனார் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் வரைக்கும்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு இளையவள். புதுக்கோட்டை டவுனில் குடியிருக்கிறாள். அன்றைக்கு வந்தவள் காப்பி கூடக் குடிக்கவில்லை. பையைக் கவிழ்த்தாள். சோப்பு, பேஸ்ட்டு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பாலில் கலந்து குடிக்கிற சத்துமாவு டின் இரண்டு.

"மதினி, இது வியாபாரமே இல்ல. நீங்க தினமும் தேய்க்கிற பேஸ்ட்டுதான், குளிக்கிற சோப்புதான். கடையில வாங்கினா கடைக்காரனுக்குக் காசு. இங்கிட்டு வாங்கினா நமக்குக் காசு."

"பேஸ்ட்டு என்ன வெலை?"

"வெலையக் கேக்காதீங்க மதினி. பாயிண்ட்டக் கேளுங்க."

விலையைக் கேட்காதே என்று ஒருத்தி சொன்ன உடனே நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாத்தனார் முகம் வாடினால் வீட்டுக்காரர் முகம் வாடும், வீட்டுக்காரர் முகம் வாடினால் அந்த வாரம் பூராவும் எனக்குச் சோறு இறங்காது.

ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டிச் சாமான் வாங்கினால் சேர்ந்த மாதிரி. அப்புறம் நமக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டும். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். அது நான். அதிலிருந்து இங்கிட்டு ஒரு கோடு, அங்கிட்டு ஒரு கோடு. இரண்டு வட்டம். அதற்குக் கீழே நாலு. அப்புறம் எட்டு. தாளில் இடம் முடிந்துவிட்டது. "கீழ போய்க்கிட்டே இருக்கும் மதினி" என்று தாளைத் தாண்டித் தரையிலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்டேன். "தெரியலைங்க, நல்லதுக்குத்தான்" என்றார். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டிருந்த ஒரு ஆள் மேடையில் பேசினார். முக்கால்வாசி இங்கிலீசு. ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. "ஆலங்குடி பக்கத்துல இருந்து வந்திருக்கீங்களா? ஒங்க ஊரு மொய் விருந்து மாதிரிதாங்க இது. இன்னைக்கு நீங்க செய்றீங்க. நாளைக்கு ஒங்களுக்கு வருது."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம். வாங்கினதை நோட்டில் எழுதி, அவர்கள் விருந்து வைக்கும்போது மேலே கொஞ்சம் கூட்டிச் செய்வோம். செய்யாமல் விட்டவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எங்கள் வீட்டு மொய் நோட்டு என் கையெழுத்து. எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று நோட்டைத் திறக்காமலே சொல்வேன். மொய்க் கணக்குப் புரிந்தவளுக்கு இது புரியாதா என்ற தெம்பில் சேர்ந்தேன். ஆள் சேர்க்கவும் அதையேதான் சொன்னேன். என் மொய் நோட்டில் இருக்கிற பெண்டுகளாகப் பார்த்து ஏழு பேர். "நீ சொன்னாச் சரிதான்" என்று சேர்ந்தார்கள். சோப்புக்காகச் சேரவில்லை, எனக்காகச் சேர்ந்தார்கள்.

எட்டாவது என் தங்கச்சி. அவள் மட்டும் கொக்கி போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ரெண்டு வெள்ளாட்டுக் குட்டி வித்த காசு இது. மழைக்கு முந்தி மாட்டுக் கொட்டகைக்கு ஓடு மாத்தணும். போட்டா வருமா, வராதா?"

"வரும்டி."

"எப்புடி வரும்?"

"கீழ ஆள் சேரச் சேர வரும்."

"யாரு குடுப்பா?"

"கம்பெனி குடுக்கும்."

"கம்பெனிக்கு யாரு குடுப்பா?"

அந்தக் கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு இந்தக் கதை இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. உடன்பிறந்தவளே நம்பவில்லையே என்று. அது வெள்ளிக்கிழமை, இருவரும் அய்யனார் கோயிலில் நின்றோம். பூசாரி காட்டிவிட்டு வைத்த தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. "ஆறு மாசத்துல நீ போட்ட காசு ஒன் கைக்கு வரும். ஒனக்கு மட்டும் இல்லடி, எட்டுப் பேருக்கும் வரும். வராட்டி நான் பொறுப்பு" என்று சொல்லி உள்ளங்கையை வைத்துச் சூடத்தை அணைத்தேன்.

தங்கச்சி பயந்துவிட்டாள். "ஏக்கா இதுக்குப் போயி..." என்றாள். மறுநாளே காசைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

ஆறு மாசம் ஓடியது. எட்டுப் பேரில் ஒருத்திக்கும் ஒரு பைசா வரவில்லை. எனக்கும் வரவில்லை. வராதது மட்டுமா? மாசா மாசம் நான் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் எடுக்க வேண்டுமாம். எடுத்தால்தான் 'ஆக்டிவ்'. இல்லாவிட்டால் வர வேண்டியதும் வராதாம். வராத காசு வராமல் போய்விடக் கூடாது என்று மாசம் ஆயிரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது எனக்கே கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாத்தனாருக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது வார்த்தை. ஒருநாள் பாயிண்ட்டு. ஒருநாள் லெவல். ஒருநாள் "க்ளோசிங் முடிஞ்சிருச்சு மதினி". கடைசியில் நானே பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தா பாரும்மா. எனக்கு இங்கிலீசு வேண்டாம். காசு எப்ப வரும், எதுக்கு வரும், தமிழ்ல சொல்லு."

அவள் போனைத் திறந்து காட்டினாள். மேலே என் பேர். அதற்குக் கீழே வலது பக்கமாக ஒரு பேர், அதற்கும் வலது பக்கமாகக் கீழே ஒரு பேர், அப்படியே எட்டுப் பேர், சரிவாக ஒரே வரிசை. பேன் பார்க்க ஒருத்தி பின்னால் ஒருத்தி உட்கார்ந்த மாதிரி. கடைசியில் என் தங்கச்சி.

"இடது பக்கம் காலியா இருக்கே மதினி. இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு சேந்தாத்தான் ஜோடி. ஒரு ஜோடிக்கு ஐந்நூறு. ஒரு பக்கமாவே போட்டா அம்பது பேரு போட்டாலும் ஒண்ணும் வராது."

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"ஒவ்வொரு ஃபாரம் எழுதயிலயும் கேட்டேன்ல? எந்தப் பக்கம் போடட்டும், எந்தப் பக்கம் போடட்டும்னு? நீங்கதான் வலது வலதுன்னீங்க."

கேட்டாள். அது உண்மை. எட்டுத் தடவையும் கேட்டாள். எட்டுத் தடவையும் நான்தான் வலது என்றேன். வேறென்ன சொல்வேன்? வீட்டுக்கு வருகிற மருமகளை வலது காலை எடுத்து வைத்து வா என்கிறோம். மொய்ப் பணம் நீட்டினால் வலது கையால் நீட்டுகிறோம். பிச்சைக்காரனுக்குக்கூட இடது கையால் போடுவதில்லை. என்னை நம்பிக் காசு கொடுத்த பொம்பளைகளை, கூடப் பிறந்தவளை, இடது பக்கம் தள்ள எனக்கு மனசு வருமா? அவர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்து எட்டுப் பேரையும் வலது பக்கம் வைத்தேன்.

"சரி, மாத்திப் போடு. நாலு பேர இடதுல போடு."

"போட்டது போட்டதுதான் மதினி. சிஸ்டம் மாத்தாது."

அப்புறம் அவளாகவே, கொஞ்சமும் கூச்சம் இல்லாமல், ஒன்று சொன்னாள். "ஆனா ஒங்க புண்ணியத்துல எனக்கு ஒம்போது ஜோடி சேந்துச்சு. ஒங்களையும் சேத்து ஒம்போது பேரும் எனக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் டவுன்காரவுக இருந்தாக. நாலாயிரத்து ஐந்நூறு. பிடித்தம் போக நாலாயிரத்துச் சொச்சம் வந்துச்சு."

அதில் வஞ்சகம் இல்லை, அதுதான் எரிச்சல். வஞ்சகம் இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், விற்காத சத்துமாவு டின் பன்னிரண்டு. அவளும் யாருக்கோ கீழே ஆக்டிவாக இருந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது எனக்குத் தங்கச்சி. நான் என்னத்தச் சொல்ல" என்றார். கை கழுவும்போது, "சூடம் அணைச்சது நீதான?" என்றார். சிக்கலான விசயத்தில் அவர் பேசுகிற இரண்டு வார்த்தையும் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் களத்தில் கடலை காய்ந்தது. காக்கா விரட்ட உட்கார்ந்தவள், காலண்டர் தாளில் நாத்தனார் வரைந்ததைக் கடலைக்காயை வைத்து அடுக்கிப் பார்த்தேன். மேலே ஒன்று. கீழே இரண்டு. அதற்குக் கீழே நாலு, எட்டு, பதினாறு. இடதும் வலதும் யாரும் என்னை மாதிரிப் பிசகாமல், எல்லோரும் ஒழுங்காகச் சேர்த்ததாகவே வைத்துக்கொண்டேன். முதலில் எனக்கு வர வேண்டியதைப் பார்த்தேன். வலது பக்கம் எட்டு இருக்கிறது. இடது பக்கம் எட்டுப் பேரைப் புதிதாகப் பிடித்தால் எட்டு ஜோடி, நாலாயிரம் ரூபாய். அவ்வளவுதான். பதினாறு பேர் எண்பத்தெட்டாயிரம் போட்டால் எனக்கு நாலாயிரம். நான் சத்தியம் பண்ணினது எட்டுப் பேருக்கு நாற்பத்து நாலாயிரம்.

அப்புறம் அடி வரிசையைப் பார்த்தேன். அதில் பதினாறு கடலை. அவற்றுக்குக் கீழே யாரும் இல்லை, அதனால் ஒரு ஜோடியும் இல்லை, ஒரு பைசாவும் இல்லை. மேலே இருக்கிறவை எல்லாவற்றையும் கூட்டினேன். பதினைந்து. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று கலைத்து மறுபடி அடுக்கினேன். இன்னும் ஒரு வரிசை போட்டேன், முப்பத்திரண்டு. மேலே மொத்தம் முப்பத்தொன்று. எத்தனை வரிசை போட்டாலும், மேலே இருக்கிற அத்தனை பேரையும் விட அடியில் நிற்கிறவர்கள் ஒரு ஆள் அதிகம். அத்தனை பேரும் கொடுத்தவர்கள், வாங்காதவர்கள். அவர்கள் வாங்க வேண்டுமானால் அவர்களுக்குக் கீழே அவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் வர வேண்டும். எட்டு வரிசையில் எங்கள் ஊர் ரேசன் கார்டு பூராவும் தீர்ந்துவிடும். அப்புறம் யார்? அய்யனார் கோயில் மண் குதிரைகளையா சேர்ப்பது?

மொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் உறைத்தது. மொய் சுற்றி வரும். அதே ஜனம், இன்றைக்கு இவன் எலை போடுவான், நாளைக்கு அவன் போடுவான். கொடுத்த கைக்கு வாங்குகிற நாள் ஒன்று உண்டு. இது சுற்றி வருவதில்லை. மேலே ஏறிப் போகிறது, போனது இறங்குவதில்லை. கம்பெனிக்கு யாரு குடுப்பா என்று தங்கச்சி கேட்டாளே, அவளேதான் கொடுத்தாள். வெள்ளாட்டுக் குட்டி விற்று.

கடலையைக் கூட்டி அள்ளும்போது நூறு நாள் வேலைக்கு என்னோடு வருகிற அக்கா வந்தார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தார்.

"இந்தா ஐயாயிரத்து ஐந்நூறு. மகன் அனுப்புனான். போன மாசம் என்னையும் சேத்துவிடுறேன்னு சொன்னீல? சேத்துவிடு."

சொல்லியிருந்தேன். இடது பக்கத்து முதல் ஆள். ஒரு ஜோடி சேர்ந்திருக்கும். ஆறு மாசத்தில் முதல் தடவையாக ஐந்நூறு ரூபாய் என் கண்ணில் பட்டிருக்கும். நோட்டுகள் சலவை மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒரு நிமிசம் கை நீண்டதா என்று கேட்டால், நீண்டது. அய்யனார் மன்னிக்கட்டும்.

"வேண்டாங்க்கா. எடம் இல்ல."

"எடம் இல்லையா? போன வாரம் ஆளே கெடைக்கலன்னு பொலம்புன?"

"இருக்குற எடம் கடைசி வரிசைக்கா. அதுல ஒங்கள நிறுத்த மாட்டேன். முடிச்சுப் போட்டு வச்சுக்கங்க."

அவருக்குக் கோபம். தன்னை மதிக்கவில்லை என்று இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூசாரியிடம் போய் விசயத்தைச் சொன்னேன். தெரியாமல் பண்ணின சத்தியம், ஏதாவது பரிகாரம் உண்டா, நூற்றெட்டு விளக்கு, பொங்கல், எதுவானாலும் செய்கிறேன் என்றேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "வெளக்குப் போட்டா சாமிக்கு வெளிச்சம். ஒன் தங்கச்சி கொட்டகைக்கு ஓடு யாரு போடுறது? சொன்னியா, செய்யி" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சாமிக்கும் எனக்கும் நடுவில் குறுக்கு வழி இல்லை என்பது எனக்கே தெரியும், அவர் சொல்லித்தானா தெரிய வேண்டும்.

ஆக்டிவை நிறுத்தினேன். தோட்டை அடகு வைத்து நாலு பேருக்குக் கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கீற்று விற்ற காசு. விடிந்ததும் உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும் வரை முடைந்தேன். சத்தியத்தில் ஆறு மாசம் என்றிருந்தேன், அது தவறிவிட்டது, அதற்காக ஒவ்வொரு செவ்வாயும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கொடுக்கப் போன வீட்டில் எல்லாம் ஒரு பேச்சு வாங்கினேன். ஒருத்தி, "சோப்பத் தேச்சுத் தீத்துட்டேனே, அதுக்குக் கழிச்சுக்க" என்றாள். இன்னொருத்தி எண்ணிப் பார்த்துவிட்டு, "மொய்னா மேல கொஞ்சம் கூட்டிச் செய்வாக" என்றாள். இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கடைசி ஆள் தங்கச்சி. வரிசையிலும் கடைசி, வாங்கியதிலும் கடைசி. அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது, கொட்டகைக்கு ஓட்டுக்குப் பதில் என் வீட்டுக் கீற்றுத்தான் போட்டிருந்தாள். வல்லத்திராக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் இறங்கினால் வாசலில் அந்தச் சத்துமாவு டின்னில் தவிடு வைத்து மாட்டுக்குக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மாவு?"

"புள்ளைக குடிக்க மாட்டேன்னுச்சுக. தவுட்டுல கலந்து மாட்டுக்கு வச்சேன். பால் என்னமோ நல்லாத்தான் குடுத்துச்சு. ஒங்க கம்பெனிக்காரன்ட்ட சொல்லு, மாட்டையும் மேடையில ஏத்திக் கை தட்டட்டும்."

இடது வலது கதையை எல்லாம் முன்னாலேயே போனில் அவளிடம் சொல்லியிருந்தேன். காசை வலது கையால் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இப்பயும் வலதுதானா? ஒரு தடவையாச்சும் எடதுல நீட்டுக்கா, ஜோடி சேரட்டும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சூடம் அணைத்த கையாலேயே அவள் உள்ளங்கையைப் பிடித்துக் காசை வைத்து மூடினேன். "எட்டும் முடிஞ்சுச்சுடி" என்றேன்.

"எட்டு முடிஞ்சுச்சு. ஒம்போதாவது?"

"அது யாரு?"

"நீதான். ஒன் ஐயாயிரத்து ஐந்நூறையும், மாசா மாசம் குடுத்தியே, அதையும் யாரு குடுப்பா?"

எனக்கு யாரும் சூடம் அணைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது. நாத்தனார். தங்கச்சி அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, நல்ல விசயம். பழச விடுங்க, அந்தக் கம்பெனி சரியில்ல. இது புதுசு. இதுல எடது வலதே கெடையாது. எத்தன பேரு வேணாலும் நேருக்கு நேரா நமக்குக் கீழ போடலாம். ஒங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. போட்ட காசு மூணே மாசத்துல திரும்ப வந்துரும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தங்கச்சி போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"வணக்கம், நான் ஒங்க மதினி தங்கச்சி பேசுறேன். நாங்க ரெண்டு பேருமே சேருறோம். ஒங்க வீட்டுல சூடம் இருக்குங்களா?"

"சூடமா? இருக்கே... எதுக்கு?"

"ஒரு கட்டியப் பொருத்தி வச்சு, இப்பச் சொன்னதையே இன்னொரு தடவ சொல்லிட்டு உள்ளங்கையால அணைங்க. நாங்க இங்குன இருந்து கேட்டுக்கிறோம்."

மாடு தவிட்டுத் தொட்டியை முட்டியது. அப்புறம் நாத்தனார், "இங்க டவர் சரியில்ல மதினி, அப்புறமாக் கூப்புடுறேன்" என்றாள்.

தங்கச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டு, "கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே போனாள்.